சிங்கப்பூர் இரவுகள்: வாசகர் கேள்விகள்

கிளார்க் கீயில் பீர் 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று போட்டிருந்தது. பில்லில் 21-க்கு மேல் வந்தது. ஏமாற்றா? (ஈரோடு)

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும். நீங்கள் பார்க்கவில்லை. ஒன்று சேவைக் கட்டணம் 10 சதவீதம், இன்னொன்று ஜிஎஸ்டி 9 சதவீதம். எந்த விலையிலும் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக்கொண்டு ஆர்டர் செய்யுங்கள்.

கேசினோவுக்கு மகனையும் கூட்டிப்போகலாமா? 150 வெள்ளி கட்டணமாமே? (சேலம்)

மகனுக்கு என்ன வயது என்று எழுத வேண்டாமா? 21 ஆகியிருந்தால் போகலாம். அந்த 150 வெள்ளி சிங்கப்பூர்க் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும். உங்களுக்கு இலவசம். ஆனால் அசல் பாஸ்போர்ட் வேண்டும், கைப்பேசியில் இருக்கும் படத்தை நீட்டாதீர்கள்.

மரினா பே சாண்ட்ஸ் மொட்டைமாடி நீச்சல் குளத்தில் இரவில் குளிக்கலாமா? (கரூர்)

அங்கே அறை எடுத்தால்.

சனிக்கிழமை ராத்திரி தேக்கா பக்கம் புல்வெளியில் நண்பர்களோடு பீர் குடிக்கலாமா? யார் கேட்கப்போகிறார்கள்? (மதுரை)

போலீஸ் கேட்கும். 2015 ஏப்ரலில் இருந்து இரவு 10.30 முதல் காலை 7 வரை சிங்கப்பூரில் எந்தப் பொது இடத்திலும் குடிக்கக்கூடாது. கடையில் பார்சலும் தரமாட்டார்கள். தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவிலும், கேலாங் வட்டாரத்திலும் இன்னும் கெடுபிடி: சனி காலை 7 மணிக்குத் தொடங்கும் தடை திங்கள் காலை 7 வரை ஓடும். முதல் தடவைக்கே அபராதம் 1,000 வெள்ளி வரை போகும். இந்த இரண்டு வட்டாரங்களில் அதைப்போல் ஒன்றரை மடங்கு.

2013 டிசம்பரில் ரேஸ் கோர்ஸ் சாலையில் நம்மூர்த் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததும், அதையடுத்து கலவரம் மூண்டதும் நினைவிருக்கிறதா? அதற்குப் பிறகுதான் இந்தக் கெடுபிடி. அதன் சுமை முழுக்க, வாரம் ஒரு நாள் விடுப்பில் தேக்காவுக்கு வரும் தொழிலாளர்கள் தலையில். நாலு நாள் சுற்றுலா வந்தவர் கேனைத் திறந்துவிட்டு விமானம் ஏறிவிடுவார், பெயர் கெடுவது அவர்களுக்கு. எனக்கு ஆத்திரமே இதில்தான். உரிமம் உள்ள பாருக்குள் உட்கார்ந்து குடியுங்கள், யாரும் தடுக்கப்போவதில்லை.

குழந்தைகளோடு வருகிறோம். இரவில் செலவில்லாமல் பார்க்க ஏதாவது? (தஞ்சாவூர்)

கார்டன்ஸ் பை த பேயில் ராட்சத செயற்கை மரங்களின் ஒளி-ஒலிக் காட்சி, 7.45-க்கும் 8.45-க்கும். காசு வேண்டாம். முதல் காட்சியைப் பார்த்துவிட்டு அப்படியே நடந்தால் மரினா பே நீர்க்கரையில் ஒளி-நீர்க் காட்சியும் கிடைக்கும், அதுவும் இலவசம்தான். பசித்தால் லாவ் பா சாட் உணவங்காடி. சாயங்காலம் 7-க்கு மேல் பக்கத்துத் தெருவை மறித்து சாத்தே (குச்சியில் கோத்த இறைச்சி) சுடுவார்கள். கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும், மறக்காதீர்கள்.

கிளப்பில் இருந்து 2 மணிக்கு வெளியே வந்தால் ரயில் இருக்குமா? (திருச்சி)

இப்போதுதானே சொன்னேன்! டாக்சிதான். நள்ளிரவுக்கு மேல் மீட்டரில் பாதி கூடுதல்.

வேப் (மின்-சிகரெட்) கொண்டுவரலாமா? (கோவை)

கூடாது. பையில் இருந்தாலே குற்றம்.