பிளஸ் ஒன்னில் எந்தக் குரூப்? ஓர் இயற்பியல் ஆசிரியரின் பதில்கள்

மகன் அறிவியலில் 94. டாக்டராக்க வேண்டும். கணக்கை விட்டுப் பியூர் சயின்ஸில் சேர்க்கலாமா? (பட்டுக்கோட்டை)

அவன் என்ன சொல்கிறான்? அதை எழுதவில்லையே. முதலில் பிள்ளையைக் கேளுங்கள். கணக்கை விடாதீர்கள் என்பதே என் பதில். கணிதமும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் படித்தவன் நீட்டும் எழுதலாம், பொறியியலுக்கும் போகலாம். பொறியியல் கட்-ஆப் 200இல் கணிதம் மட்டுமே 100.

மகள் அறிவியலில் 68தான். ஆனாலும் அறிவியல் குரூப்தான் வேண்டும் என்கிறாள். பள்ளியில் தயங்குகிறார்கள். (வலங்கைமான்)

தயங்காமல் சேர்த்துவிடுங்கள். என் வகுப்பில் ஏறக்குறைய இதே மதிப்பெண்ணோடு ஒரு பெண் இருந்தாள். ஓம் விதி நடத்திக்கொண்டிருந்தேன். எழுந்து, “வோல்டேஜ் குறைந்தால் மின்னோட்டமும் குறைய வேண்டும். எங்கள் போர்வெல் மோட்டாரில் லோ வோல்டேஜ் வரும்போதுதானே கம்பிச்சுருள் கருகுகிறது, ஏன் சார்?” என்றாள். சாக்பீஸை வைத்துவிட்டேன். மோட்டார் வெறும் கம்பியன்று. சுமை அப்படியே இருக்க, வோல்டேஜ் குறைந்தால் அது வேகம் தளர்ந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், அதனால் சூடேறும். இதை விளக்க அன்றைய பாடவேளை முழுதும் போயிற்று. தொண்ணூறு வாங்கிய ஒருவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. உங்கள் மகள் எதைப் பற்றிக் கேட்கிறாள் என்று ஒரு வாரம் கவனியுங்கள்.

வேளாண்மை படிக்க நீட் வேண்டுமா? (திருத்துறைப்பூண்டி)

வேண்டாம். பி.எஸ்சி. வேளாண்மைக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை. தஞ்சை மாவட்டம் ஈச்சங்கோட்டையிலேயே அரசு வேளாண் கல்லூரி இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத இட ஒதுக்கீட்டையும் விசாரியுங்கள்.

பட்டுக்கோட்டைக்காரருக்கு நீங்கள் சொன்னது தவறு. நீட்டில் கணிதமே இல்லை. எதற்கு வீண் சுமை? (மன்னார்குடி)

நீட்டில் கணிதத் தாள் இல்லை, உண்மை. ஆனால் 720இல் 180 இயற்பியல். பதினோராம் வகுப்பு இயற்பியலின் இரண்டாம் அலகைத் திறந்து பாருங்கள், ஐயா: வெக்டர், வகையீடு, தொகையீடு. கணக்கு வகுப்பில் பழகாத பிள்ளை அங்கேயே திணறி, சூத்திரங்களை மனப்பாடம் செய்யத் தொடங்குகிறது. அதை நான் ஆண்டுதோறும் கண்டேன்.

நான் டியூஷன் நடத்துகிறேன். அந்தக் கணக்கைப் பத்து நாளில் சொல்லிக்கொடுத்துவிடலாம். (கும்பகோணம்)

வகையிடும் விதிகளைப் பத்து நாளில் சொல்லலாம்தான். ஒரு தொலைவு-நேர வரைபடத்தின் சாய்வைப் பார்த்ததும் அது வேகம் என்று உணர்வதற்குப் பல மாதப் பழக்கம் வேண்டும். ஆனாலும், கணக்கைக் கண்டாலே காய்ச்சல் வருகிற பிள்ளைக்கு உயிரியலில் உண்மையான நாட்டம் இருந்தால் பியூர் சயின்ஸ் சரியே. அதற்கும் பிள்ளையைக் கேட்க வேண்டும்.

நீட்டுக்கு எந்தக் குரூப் நல்லது? (சீர்காழி)

மேலே மூன்று பதில்கள் இருக்கின்றன.

மகனுக்கு எந்தப் பள்ளி விடுதி நல்லது? (பாபநாசம்)

நேரில் போய்ச் சாப்பாட்டையும் கழிவறையையும் பாருங்கள். இங்கே பாடங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

நான் பத்தாம் வகுப்பு மாணவி. எனக்கு வரலாறு பிடிக்கும். அப்பா முதல் குரூப்தான் என்கிறார். (திருவையாறு)

இன்று பிள்ளையே எழுதிய கேள்வி இது ஒன்றுதான். கலைப் பிரிவில் சேர், அம்மா. உன் ஊருக்குப் பக்கத்திலேயே, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியலுக்கும் தொல்லியலுக்கும் என்று ஒரு துறை இருக்கிறது. இதை அப்பாவிடம் காட்டு. அவர் விரும்பினால் நானே பேசுகிறேன்.