திருச்சிக்குப் போனால் பென்ஷன் ஏறுமா?

கேள்வி: எனக்கு 67 வயது. லண்டன் ஹாரோவில் 33 வருடமாக இருக்கிறோம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். தேசியக் காப்பீடு (பென்ஷனுக்காகச் சம்பளத்தில் பிடிப்பது) 31 வருடம் கட்டியிருக்கிறேன், போன வருடத்திலிருந்து அரசு பென்ஷன் வருகிறது. மனைவியும் நானும் திருச்சிக்கே திரும்பிவிடலாம் என்று இருக்கிறோம். அங்கே போனால் பென்ஷன் ஏறாது என்கிறார்கள் சிலர். இந்தியாவோடு வர்த்தக ஒப்பந்தம் போட்டாயிற்று, இனிமேல் ஏறும் என்கிறார்கள் வேறு சிலர். மகள் வீட்டு முகவரியையே கொடுத்துவிடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார் ஒரு ஏஜெண்ட். யார் சொல்வது சரி?

பதில்: முதலில் அந்த ஏஜெண்ட்டின் நம்பரை போனிலிருந்து அழித்துவிடுங்கள், அப்புறம் மேலே படியுங்கள்.

ஏறாது என்று சொன்னவர்கள் சொன்னதுதான் சரி. நீங்கள் திருச்சிக்குப் போனாலும் பென்ஷன் நிற்காது, வாராவாரம் கணக்காகிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் கிளம்பும் நாளில் என்ன தொகையோ அதே தொகைதான் கடைசிவரை. இங்கே இருப்பவர்களுக்கு விலைவாசி, சம்பள உயர்வு, 2.5 சதவீதம் இந்த மூன்றில் எது அதிகமோ அந்த அளவுக்கு ஒவ்வொரு ஏப்ரலிலும் ஏறும், அதைத்தான் டிரிப்பிள் லாக் என்கிறார்கள். 2026 ஏப்ரலில் 4.8 சதவீதம் ஏறி முழு பென்ஷன் வாரத்துக்கு 241.30 பவுண்டு ஆனது. 35 வருடம் கட்டியவருக்குத்தான் முழுசு, உங்கள் 31 வருடத்துக்குச் சுமார் 213 பவுண்டு வரும் (2016-க்கு முந்தைய வருடங்களால் சிலருக்குக் கொஞ்சம் மாறும், உங்கள் கடிதத்தில் இருப்பதே சரியான தொகை). ஏற்றம் வெறும் 2.5 சதவீதம்தான் என்று வைத்துக்கொண்டாலும் பத்து வருடத்தில் ஹாரோவில் இருப்பவருக்கு அது 272 பவுண்டைத் தாண்டியிருக்கும், உங்களுக்கு அதே 213. வருடத்துக்கு 3,000 பவுண்டுக்கு மேல் வித்தியாசம். 2016-இல் முழு பென்ஷன் 155.65 பவுண்டு வாங்கிக்கொண்டு இந்தியா போனவருக்கு இன்றைக்கும் அதே 155.65-தான் வருகிறது.

மொரீஷியஸில் போய் இருந்தால் ஏறும், மதுரையில் இருந்தால் ஏறாது. பிலிப்பைன்ஸ், ஜமைக்கா, துருக்கி, அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாம் ஏறும் பட்டியல். இந்தியா, இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா எல்லாம் உறையும் பட்டியல். இதில் நியாயம் தேட வேண்டாம், எந்தக் காலத்தில் எந்த நாட்டோடு ஒப்பந்தம் போட்டார்களோ அதுதான் கணக்கு. கோர்ட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டார்கள், 2010-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் கையை விரித்துவிட்டது.

வர்த்தக ஒப்பந்தச் செய்தி எனக்கும் வாட்ஸாப்பில் பத்துத் தடவையாவது வந்திருக்கும். 2025 ஜூலையில் கையெழுத்தானது உண்மை. அதோடு சேர்த்துப் பேசிய காப்பீட்டு ஏற்பாடு, கம்பெனி வேலையாகத் தற்காலிகமாக இங்கேயோ அங்கேயோ அனுப்பப்படுகிறவர்கள் ஒரே நேரத்தில் இரண்டு நாட்டிலும் காப்பீடு கட்ட வேண்டாம், ஒரு நாட்டில் கட்டினால் போதும் என்பதற்கானது. ஓய்வு பெற்றவருக்கு அதில் ஒரு பென்னி கிடையாது.

இப்போது முகவரி விஷயம். மகள் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டுத் திருச்சியில் இருப்பது 'அட்ஜஸ்ட்மெண்ட்' இல்லை, அரசிடம் பொய் சொல்லிப் பணம் வாங்குவது. பிடிபட்டால் அதிகமாக வாங்கியதைத் திருப்பிக் கட்ட வேண்டும், வழக்கும் வரலாம், அன்றைக்கு ஏஜெண்ட் போனை எடுக்க மாட்டார். என்னிடம் வந்த ஒரு பெரியவர், நாடு மாறுவதைத் தெரிவிக்கும் வேலைக்கு இப்படி ஒருவரிடம் 250 பவுண்டு கொடுத்திருந்தார். பிரிட்டிஷ் அரசின் சர்வதேச பென்ஷன் மையத்துக்கு ஒரு போன் பண்ணினால் இலவசமாக முடிகிற வேலை! அந்த ஆசாமி அதையும் செய்யவில்லை என்பது வேறு கதை.

இதே ஆட்கள் அடுத்து உங்கள் கம்பெனி பென்ஷன் பக்கம் வருவார்கள், மொத்தத்தையும் வெளிநாட்டுத் திட்டத்துக்கு மாற்றிவிடலாம் என்பார்கள். இப்படி மாற்றும்போது பல நேரங்களில் 25 சதவீதம் வரியாகவே போய்விடும், அதற்குமேல் அவர்கள் கமிஷன். அரசு பென்ஷனை யாராலும் எங்கேயும் மாற்ற முடியாது. பென்ஷன் பற்றி யாராவது தானாக போன் பண்ணினாலே வைத்துவிடுங்கள், அப்படிக் கூப்பிட்டு விற்பதையே 2019-இல் தடை செய்துவிட்டார்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, இதைத்தான் எல்லோரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நீங்கள் திருச்சியில் குடியேறி ஐந்து வருடம் கழித்து, பேரப்பிள்ளையைப் பார்க்க மூன்று மாதம் ஹாரோ வருகிறீர்கள். வந்ததைத் தெரிவித்தால் அந்த மூன்று மாதத்துக்கு மட்டும் அன்றைய உயர்ந்த தொகை கிடைக்கும். திரும்பி விமானம் ஏறினால் மறுபடி பழைய 213. ஏப்ரலில் வந்து ஒரு மாதம் தலையைக் காட்டினால் ஏறின தொகை அப்படியே நின்றுவிடும் என்று ஒரு கதை சுற்றுகிறது, நிற்காது. ஆனால் ஊர் ஒத்துவரவில்லை என்று நிரந்தரமாகவே இங்கே திரும்பிவிட்டால், இடையில் விட்டுப்போன ஏற்றம் எல்லாம் சேர்ந்து அன்றைய தொகை வரும். விட்ட வருடங்களின் பாக்கி மட்டும் வராது. ஆக, இன்னும் இரண்டு வருடம் பொறுத்துப் போனால் அந்த இரண்டு ஏற்றமும் உங்களோடு ஊருக்கு வரும். அவசரம் இல்லையென்றால் யோசியுங்கள், குறைந்தது ஒரு ஏப்ரலையாவது தாண்டிவிட்டுக் கிளம்புங்கள்.

ஊரில் குடியேறிவிட்டால் குளிர்கால எரிபொருள் பணம், பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியவர்களுக்கான கூடுதல் பணம்), இலவச என்.எச்.எஸ். மருத்துவம் எதுவும் இல்லை. மருத்துவக் காப்பீட்டைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டு அவ்வப்போது ஒரு படிவம் தபாலில் வரும். சாட்சிக் கையெழுத்து வாங்கித் திருப்பி அனுப்பாவிட்டால் பணம் நின்றுவிடும். ஊரில் வீடு மாறினால் முதலில் பென்ஷன் மையத்துக்குச் சொல்லுங்கள்.

ஆட்சி மாறினால் சரியாகுமா என்று அடுத்து கேட்பீர்கள். 2019-இல் எதிர்க்கட்சியாக இருந்தபோது வெளிநாட்டில் இருப்பவர்களின் பென்ஷனையும் ஏற்றுவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியது லேபர்தான். இப்போது அவர்கள் ஆட்சி, அந்தப் பேச்சே இல்லை. அதற்குமுன் 14 வருடம் இருந்த கன்சர்வேடிவும் தொடவில்லை. 2024 தேர்தலில் பெரிய கட்சிகள் எல்லாம் டிரிப்பிள் லாக்கை விடமாட்டோம் என்று போட்டி போட்டன, இங்கே இருக்கும் முதியவர்கள் தவறாமல் ஓட்டுப் போடுகிறவர்கள் என்பதால். குளிர்கால எரிபொருள் பணத்தை 2024 ஜூலையில் நிதியமைச்சராக இருந்த ரேச்சல் ரீவ்ஸ் வெட்டினார், தொகுதிக்குத் தொகுதி வசவு கிளம்பியது, 2025 ஜூனில் வருமானம் 35,000 பவுண்டுக்குள் இருப்பவர்களுக்குத் திரும்பிவிட்டது. நீங்கள் திருச்சியிலிருந்து திட்டினால் எந்த எம்.பி. காதில் விழும்? பட்ஜெட்டில் பணமில்லை என்பது அவர்களின் வழக்கமான பதில். தேசியக் காப்பீட்டை 31 வருடம் பிடித்தபோது மட்டும் எங்கே குடியிருக்கப் போகிறாய் என்று யாரும் கேட்கவில்லை.

வெளிநாட்டில் 15 வருடம் இருந்தால் ஓட்டுரிமை போய்விடும் என்றிருந்த விதியை 2024 ஜனவரியில் எடுத்துவிட்டார்கள். பிரிட்டிஷ் குடிமகன் என்பதால் ஹாரோவில் பதிந்திருந்த தொகுதியிலேயே நாடாளுமன்றத் தேர்தலுக்கு நீங்கள் வெளிநாட்டு வாக்காளராகப் பதியலாம். மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், மறக்காதீர்கள். தபால் ஓட்டு மட்டும் கேட்காதீர்கள், சீட்டு திருச்சி வந்து சேர்வதற்குள் இங்கே தேர்தல் முடிந்திருக்கும். உங்களுக்குப் பதிலாக ஓட்டுப்போடும் உரிமையை மகளுக்கே எழுதிக் கொடுங்கள். அவர் முகவரி அதற்காவது உதவட்டும்.