குடும்ப நாவல்ல யாரு பேசுறா, யாரு பேசல: கேட்டதுக்கெல்லாம் பதில்

எனக்கு 22 வயசு. நாலஞ்சு வருஷமா குடும்பம், அடையாளம்னு இதயே சுத்திச் சுத்தி படிச்சிட்டு இருக்கேன். அதப் பத்தி என்ன வேணா கேளுங்கன்னு சொன்னதும் இவ்ளோ கேள்வி வரும்னு நெனைக்கல. எல்லாத்துக்கும் முடியல, முடிஞ்சத சொல்றேன்.

கேள்வி: இப்ப வர்ற கதைல எல்லாம் குடும்பம்னாலே வில்லன்தானாம்மா? நல்லதா ஒரு குடும்பம் கூட எழுத மாட்டாங்களா?

பதில்: எல்லாமே அப்படி இல்ல சார். விவேக் ஷான்பாக் கன்னடத்துல எழுதின காச்சர் கோச்சர் இருக்கு, 2013ல வந்தது, தமிழ்லயும் கெடைக்குது. அந்த வீட்ல எல்லாருமே ஒருத்தர் மேல ஒருத்தர் உசிரா இருக்காங்க, சித்தப்பா சம்பாதிக்கிறாரு, மத்தவங்க அவருக்கு ஒண்ணுன்னா வரிஞ்சு கட்டிட்டு நிப்பாங்க. ஒரு நாள் சித்தப்பாவ தேடி ஒரு பொண்ணு வாசல்ல வந்து நிக்குது, அவருக்குப் பிடிச்சத சமைச்சு பாத்திரத்துல எடுத்துட்டு வந்திருக்கு, வீட்டுப் பொம்பளைங்க சேந்து அத கண்டபடி திட்டி தொரத்தி விடுறாங்க, கதை சொல்றவன் பாத்துட்டு நிக்கிறான். அவனக் கட்டிக்கிட்டு அந்த வீட்டுக்கு வந்த மருமக மட்டும்தான் அது ஏன்னு கேக்குறா. எனக்கு அந்த இடத்துல தூக்கிவாரிப் போட்டுச்சு. அவங்க கெட்டவங்களா இருந்திருந்தா நான் கோவப்பட்டுட்டு அடுத்த பக்கம் போயிருப்பேன், அவங்களோட பாசமும் ஒத்துமையும்தான் அந்தப் பொண்ண தொரத்துதுன்னு புரிஞ்சப்ப எங்க வீட்ல நாங்க சேந்து யாரயெல்லாம் வாசலோட அனுப்பியிருக்கோம்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன். அதுக்கப்புறம் எந்தக் குடும்பக் கதைய எடுத்தாலும் இந்த வீட்ல யாருக்கு வாய் இல்லன்னுதான் மொதல்ல பாக்குறேன்.

கேள்வி: அக்கா, ஹான் காங்கோட தி வெஜிடேரியன் படிச்சேன். ஹீரோயின் ஏன் எதுவுமே சொல்ல மாட்டேங்குறா? கடுப்பா இருந்துச்சு.

பதில்: கடுப்பானது சரிதான்டா. புத்தகம் மூணு பாகம்ல, மொத பாகம் புருஷன் சொல்றான், ரெண்டாவது அக்கா புருஷன் பக்கம் இருந்து போகுது, மூணாவது அக்கா பக்கம் இருந்து. அவளுக்குன்னு கெடைக்கிறது மொத பாகத்துல நடுநடுவுல வர்ற கனவு மட்டும்தான். கறி சாப்பிட மாட்டேன்னு சொன்னவள அப்பா அறைஞ்சு வாயில திணிக்கிற சீன் ஞாபகம் இருக்கா? அதயும் புருஷன்தான் சொல்றான், பக்கத்துல இருந்து பாத்தவன். இன்னொரு தடவ அந்த சீன அவன் குரல கவனிச்சு படிச்சுப் பாரு. தமிழ்ல மரக்கறின்னு வந்திருக்கு. கொரிய மொழில 2007ல வந்த புத்தகம், 2016ல சர்வதேச புக்கர், 2024ல அவங்களுக்கு நோபல், ஆனா பரிசுக்காக படிக்க வேண்டாம்.

கேள்வி: அடையாளம் அடையாளம்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு அந்த வார்த்தையே பிடிபடல. எங்க இருந்து ஆரம்பிக்கலாம்?

பதில்: பேர்ல இருந்து ஆரம்பிங்க. ஜும்பா லாஹிரியோட தி நேம்சேக், 2003ல வந்தது. அமெரிக்கால பொறந்த பையனுக்கு அவன் அம்மாவோட பாட்டி வெக்கிற பேரு லெட்டர்ல வரணும், அந்த லெட்டர் வந்து சேரவே இல்ல, ஆஸ்பத்திரில பேரு கேக்குறாங்கன்னு அப்பா தனக்குப் பிடிச்ச ரஷ்ய எழுத்தாளர் பேர குடுத்துடுறாரு, கோகோல். வளந்ததும் பையனுக்கு அந்தப் பேரே ஆகல, கோர்ட்டுக்குப் போறான், ஜட்ஜ் ஏன்னு கேக்குறாரு, பிடிக்கலங்கிறான், மாறிடுது. அப்பா ஏன் அந்தப் பேர வெச்சாருன்னு அவனுக்கு அப்ப தெரியாது, அத நான் சொல்ல மாட்டேன், நீங்களே படிங்க.

இத படிச்ச கையோட லிவிங் ஸ்மைல் வித்யாவோட நான் வித்யா படிங்க. இது கதை இல்ல, திருநங்கையா அவங்க வாழ்ந்த வாழ்க்கை. மொழியியல்ல எம்.ஏ. முடிச்சவங்க ரயில்ல கை நீட்ட வேண்டி வந்துச்சு, தன்னோட பேரு காகிதத்துல வரணும்னு அவ்ளோ போராட வேண்டி இருந்துச்சு. ஒருத்தருக்கு பிடிக்கலன்னு சொன்னா போதும், இன்னொருத்தர் நான் நான்தான்னு ஊரு பூரா நிரூபிக்கணும். நான் இந்த ரெண்டயும் ஒரே மாசத்துல படிச்சேன், அடையாளங்கிற வார்த்தைக்கு அதுக்கப்புறம் எனக்கு அகராதி தேவப்படல.

கேள்வி: 22 வயசுல குடும்பத்த பத்தி என்ன தெரியும்னு தப்பா நெனைக்காதம்மா, கேக்கணும்னு தோணுச்சு.

பதில்: தப்பா நெனைக்கல ஆன்ட்டி. அம்மாவா, மாமியாரா இருக்குறது எனக்குத் தெரியாது. பொண்ணா இருக்குறது மட்டும் 22 வருஷமா தெரியும், அந்த எடத்துல இருந்துதான் சொல்றேன். பத்து வருஷம் கழிச்சு இதே புத்தகங்கள் வேற மாதிரி தெரியலாம், தெரியட்டும்.

கேள்வி: படிச்சு வேலைக்கு வந்துட்டேன், இப்ப அப்பா போன் பண்ணா சாப்பிட்டியா தாண்டி பேச்சே இல்ல. இதப் பத்தி யாராச்சும் எழுதியிருக்காங்களா?

பதில்: ஆனி எர்னோ எழுதியிருக்காங்க, 2022ல நோபல் வாங்கின பிரெஞ்சு எழுத்தாளர். அப்பாவப் பத்தி 1983ல ஒரு புத்தகம், இங்கிலீஷ்ல எ மேன்ஸ் பிளேஸ், ரொம்ப சின்னது, ஒரே நாள்ல முடிச்சிடலாம். அப்பா சின்னதா ஒரு காபி கடையும் மளிகையும் வெச்சிருக்காரு, பொண்ணு படிச்சு டீச்சர் ஆகுறாங்க, படிப்பு ஏற ஏற ரெண்டு பேருக்கும் நடுவுல பேச்சு கொறையுது. சண்டையே கிடையாது. தப்பா ஒரு வார்த்தை வந்துடுமோன்னு அப்பாவுக்கு பயம். தன்ன மதிக்காத உலகத்துல தன் பொண்ணு ஒரு ஆளா இருக்குறதுதான் அவருக்கு இருந்த பெரிய பெருமையா இருக்கும்னு ஒரு எடத்துல வருது, நான் அங்க புத்தகத்த மூடி வெச்சுட்டு எங்க அப்பாவுக்கு போன் பண்ணேன். பெருசா ஒண்ணும் பேசல, அவரு வண்டி சர்வீஸ் விட்டதப் பத்தி சொன்னாரு, இருபது நிமிஷம் கேட்டுட்டு இருந்தேன்.

கேள்வி: பச்சிங்கோ அவ்ளோ பெருசா இருக்கே, படிக்கலாமா?

பதில்: படிக்கலாம். மின் ஜின் லீ எழுதி 2017ல வந்தது, 1910ல இருந்து 1989 வரைக்கும், ஜப்பான்ல இருக்குற கொரியக் குடும்பம், நாலு தலைமுறை. நடுவுல கொஞ்சம் இழுக்கும், விட்டுடாதீங்க. சாலமன்னு ஒரு பையன், ஜப்பான்லயே பொறந்து வளந்தவன், அவனோட 14வது பொறந்த நாளுக்கு ஆபீஸ்ல போய் வெளிநாட்டுக்காரன்னு பதிவு பண்ணி கைரேக வெக்கணும். பொறந்த நாளும் அதுவுமா விரல்ல மை. குடியுரிமை பத்தி எத்தன கட்டுரை படிச்சாலும் எனக்கு அந்த விரல்தான் ஞாபகம் வருது.

கேள்வி: எங்க அம்மா வார இதழ் தவிர எதுவும் படிச்சதில்ல. என்ன குடுக்கலாம்?

பதில்: இமையத்தோட செல்லாத பணம். 2018ல வந்தது, 2020க்கான சாகித்ய அகாடமி வாங்குச்சு. ரேவதின்னு இன்ஜினியரிங் படிச்ச பொண்ணு, வீட்ட எதுத்து ஆட்டோ ஓட்டுறவர கட்டிக்கிறா, கடைசில உடம்பெல்லாம் தீக்காயத்தோட ஆஸ்பத்திரில கெடக்குறா. முக்கால்வாசி நாவல் அந்த வார்டு வாசல்லதான் நடக்குது, எல்லாரும் பேசுறாங்க, அவளப் பத்தியேதான் பேசுறாங்க, அவ உள்ள இருக்கா. பேச்சு அப்படியே நம்ம வீட்ல பேசுற மாதிரி இருக்குறதால உங்க அம்மாவுக்கு ஓட்டமா போகும். ஆனா குடுத்துட்டு பக்கத்துலயே இருங்க, மனசு பாரமா ஆயிடும்.

எங்க அம்மா முடிச்சுட்டு ரெண்டு நாள் அதப் பத்தி வாயே தொறக்கல. மூணாவது நாள் துணி மடிச்சிட்டே அவங்ககூட காலேஜ்ல படிச்ச ஒருத்தங்கள பத்தி சொன்னாங்க, லவ் மேரேஜ், அவங்களும் தீயிலதான் போனாங்களாம். அந்தப் பேர நான் அதுவரைக்கும் எங்க வீட்ல ஒரு தடவ கூட கேட்டதில்ல.