முதலில் டயர், அப்புறம்தான் வின்ச்

கேள்வி: போன வருடம் மஹிந்திரா தார் டீசல், ஃபோர் வீல் டிரைவ் எல்எக்ஸ் வாங்கினேன். வரும் ஜூலையில் நண்பர்கள் மூன்று பேரோடு மணாலி வழியாக ஹிமாசலின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்குக்குப் போவதாகத் திட்டம். வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், இரும்பு பம்பர், வின்ச், ஸ்நோர்க்கல், லைட் பார், ரூஃப் கேரியர் எல்லாம் சேர்த்து 2,60,000 ரூபாய்க்கு ஒரு கடையில் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார்கள். இதெல்லாம் இல்லாமல் அந்தப் பாதையில் போகவே முடியாது என்கிறார் கடைக்காரர். உண்மையா?
பொள்ளாச்சி வாசகர்

பதில்: உண்மை இல்லை. மணாலியிலிருந்து 4,500 மீட்டருக்கு மேலே இருக்கும் குன்சும் கணவாயைத் தாண்டி ஸ்பிட்டியில் இருக்கும் காஸா ஊர் வரைக்கும், பாதை திறந்திருக்கும் மாதங்களில் ஹிமாசல் அரசு பஸ்ஸே ஓடுகிறது. அதில் மாட்டிக்கொண்ட வண்டியைக் கம்பி சுற்றி இழுக்கும் வின்ச்சும் இல்லை, தண்ணீருக்கு மேலிருந்து இன்ஜினுக்குக் காற்று எடுக்கும் ஸ்நோர்க்கலும் இல்லை. உங்கள் வண்டியோ கம்பெனியிலிருந்து வந்தபடியே 226 மி.மீ. தரை இடைவெளி உள்ளது. 650 மி.மீ. ஆழத் தண்ணீரைக் கடக்கும் என்று கம்பெனியே சொல்கிறது. அந்தக் கொட்டேஷனுக்கு முன்பணம் கொடுத்துவிடாதீர்கள்.

வண்டியில் தரையைத் தொடுவது டயர் ஒன்றுதான். உங்கள் எல்எக்ஸில் வரும் 255/65 ஆர்18 டயர், தார் ரோட்டுக்கும் கரடுமுரடுக்கும் பொதுவான ஏ.டி. வகை. இந்தப் பயணத்துக்கு அதுவே போதும். பெரிய பெரிய கட்டைகளோடு முரட்டுத்தனமாக இருக்கும் எம்.டி. டயரைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். சேற்றில் அது நன்றாகப் பிடிக்கும், ஆனால் மழையில் நனைந்த தார் ரோட்டில் பிரேக் பிடிக்கும்போது ஏ.டி. அளவுக்கு நிற்காது. பொள்ளாச்சியிலிருந்து மணாலி வரை உங்களுக்குத் தார் ரோடுதான் அதிகம். டயர் தேய்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள். மாற்றும்போது பக்கச் சுவரில் நாலு இலக்கமாக அச்சிட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். 2324 என்றால் 2024ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள். ஸ்டெப்னியின் தேதியையும் காற்றையும் சேர்த்துப் பாருங்கள், அதை யாரும் பார்ப்பதே இல்லை.

அடுத்தது காற்று. இதை நான் கண்ணால் கண்டதால் அழுத்திச் சொல்கிறேன். திசையன்விளைப் பக்கம் நண்பரின் தென்னந்தோப்பில், செம்மணலில் அவருடைய ஜீப் அச்சு வரை இறங்கிவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமானது. டிராக்டருக்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்த நேரத்தில், தோப்புக்கு வந்திருந்த பழைய டிரைவர் ஒருவர் ஒரு குச்சியை எடுத்து வால்வு முள்ளை அழுத்த ஆரம்பித்தார். 32 பி.எஸ்.ஐ. இருந்த நாலு டயரையும் 16க்கு இறக்கினார். டயரின் வயிறு பிதுங்கி, மணலில் பதியும் இடம் முன்னும் பின்னும் நீண்டது. சக்கரத்துக்கு முன்னால் மண்ணைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு, லோ கியரில் மெதுவாக எடுத்தார். வண்டி தானாக ஏறி வந்துவிட்டது. டிராக்டர் வந்தபோது நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம்.

மணலுக்கு 16, 18. கல்லும் குழியுமான பாதைக்கு 22லிருந்து 25. பதினைந்துக்குக் கீழே இறக்கினால் ரிம்மிலிருந்து டயர் கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு. காற்றை இறக்கிய பிறகு வேகமும் வேண்டாம், சடாரென்று ஒடிக்கவும் வேண்டாம். தார் ரோட்டுக்கு வந்ததும் திரும்ப ஏற்றியாக வேண்டும். அதனால் நல்ல கேஜ் ஒன்றும், பேட்டரியில் நேரடியாகக் கிளிப் மாட்டி ஓட்டும் கம்ப்ரசர் ஒன்றும் வாங்குங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் சின்னக் கம்ப்ரசர் இந்த அளவு டயர் நாலுக்கும் மூச்சு வாங்கும், பெரியதைச் செருகினாலோ ஃபியூஸ் போகும்.

மூன்றாவது, மாட்டிக்கொண்டால் இழுப்பதற்கான சாமான்கள். இங்கே மட்டும் விலை குறைந்ததை வாங்காதீர்கள். உங்கள் வண்டி ஆட்களோடும் சாமான்களோடும் இரண்டு டன்னைத் தாண்டும். சேற்றில் புதைந்திருந்தால் கயிற்றில் விழும் இழுவை அதற்கும் மேல். நீண்டு சுருங்கும் கைனெட்டிக் கயிறு ஒன்று வாங்குங்கள். அறுபடும் எடை வண்டியின் மொத்த எடையைப் போல மூன்று மடங்காவது இருக்கட்டும். கயிற்றைக் கொக்கியோடு இணைக்கும் இரும்பு வளையமான ஷாக்கிளை வாங்கும்போது, அதன் உடம்பில் டபிள்யூ.எல்.எல். (பாதுகாப்பாகத் தாங்கும் எடை) 4.75 டன் என்று புடைப்பாக எழுதியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எழுத்தே இல்லாத பளபளப்பான ஷாக்கிளைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள். கயிற்றை சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கிய கொக்கியில்தான் மாட்ட வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் ஒருபோதும் மாட்டக்கூடாது. அது முறிந்தால் குண்டு மாதிரி பறந்து வரும், வெளிநாடுகளில் இதில் உயிரே போயிருக்கிறது. கயிற்றின் நடுவில் கனமான ஜாக்கெட்டையோ மிதியடியையோ போட்டு, ஆட்களைத் தூர நிறுத்திவிட்டு இழுங்கள்.

இவற்றோடு குட்டைக் காம்பு போட்ட மண்வெட்டி ஒன்று, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒன்றரை அங்குலப் பலகை ஒன்று. இரண்டும் ஊரிலேயே கிடைக்கும். வெளிநாட்டு மடக்கு மண்வெட்டியைவிட நம் மண்வெட்டி எத்தனையோ மேல்.

வின்ச் பற்றி: தனியாகப் போகிறவருக்கு அது தேவைப்படலாம். நீங்கள் நாலு பேர், ஆள் நடமாட்டமுள்ள பாதை. வின்ச்சும் இரும்பு பம்பரும் சேர்ந்தால் முன்பக்கம் கனம் ஏறி, முன் ஸ்பிரிங்கும் மாற்ற வேண்டி வரும். அது அடுத்த செலவு. ஸ்பிட்டிப் பாதையில் ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏறப் பனி உருகி, மதியத்துக்கு மேல் தண்ணீர் பெருகும். ஸ்நோர்க்கலைவிட இந்த நேரக் கணக்குதான் உங்கள் இன்ஜினைக் காப்பாற்றும்.

கேள்வி: பம்பருக்கு முன்னால் புல் பார் என்ற இரும்புக் குழாய்த் தடுப்பு போட்டால் போலீஸ் பிடிப்பார்களா? இன்ஷூரன்ஸுக்குச் சிக்கல் வருமா?
தேனி வாசகர்

பதில்: பிடிக்கலாம். 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் புல் பார், கிராஷ் கார்டு வகைகள் கூடாது என்று மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு. கடைக்காரர் ‘எல்லாரும் போடுறாங்க சார்’ என்பார், அபராதம் கட்டப்போவது நீங்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் பாலிசியை எடுத்து ‘பயன்பாட்டு வரம்பு’ பகுதியைப் படியுங்கள். ஒழுங்குபடுத்தி நடத்தும் பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பாலிசி பொருந்தாது. ஆஃப்ரோடு போட்டியில் கலந்துகொள்ளும் எண்ணம் இருந்தால் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் சாதாரணப் பாலிசி கை கொடுக்காது, அதற்கு இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் காப்பீட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: என் ஜீப்பில் ஒரு ஆற்றைக் கடந்து வந்தோம், முழங்கால் அளவுத் தண்ணீர்தான். இரண்டு வாரம் கழித்துப் பின் அச்சில் சத்தம். கியர் ஆயில் பால் கலந்த காபி மாதிரி வந்தது. ஆஃப்ரோடு போனதால் வாரண்டி கிடையாது என்கிறது சர்வீஸ் சென்டர். என்ன செய்யலாம்?
சத்தியமங்கலம் வாசகி

பதில்: ஆயில் அந்த நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். அச்சுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருந்தாலோ சீல் தேய்ந்திருந்தாலோ, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் தண்ணீரில் இறங்கும் முன் பத்து நிமிடம் வண்டியை ஆறவிட வேண்டும். வந்தபின் முன், பின் அச்சுகளின் கியர் பெட்டியான டிஃபரன்ஷியலின் ஆயிலை ஒரு சொட்டாவது இறக்கிப் பார்க்க வேண்டும். அன்றைக்கே மாற்றியிருந்தால் பேரிங் தப்பியிருக்கும் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அதற்காக விட்டுவிடாதீர்கள். எவ்வளவு ஆழத் தண்ணீரைக் கடக்கலாம் என்று உரிமையாளர் கையேடு சொல்கிறது என்று பாருங்கள். நீங்கள் கடந்தது அதற்குள் என்றால், ‘ஆஃப்ரோடு போனீர்கள்’ என்ற ஒற்றைக் காரணத்தால் மறுப்பது நியாயமே இல்லை, ஃபோர் வீல் டிரைவ் என்று விற்றதே அதற்காகத்தானே. மறுப்பை எழுத்தில் கேளுங்கள். சர்வீஸ் பில்கள், ஆயிலின் போட்டோ, ஜாப் கார்டு மூன்றையும் பத்திரப்படுத்துங்கள், பழைய பேரிங்கையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். நடக்கவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வண்டிக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் வழக்கு அங்கேதான். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இதற்கிடையில் வண்டியை ஓட்டாதீர்கள். ஓட்டியதால்தான் அச்சுக்குள் இருக்கும் கிரவுன் பல்சக்கரம் போயிற்று என்று அவர்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள்.