பிழைப்பும் வானமும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வாடிப்பட்டியில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிக்கிறவன். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பணம் கட்டி விண்வெளிக்குப் போய்வருகிறவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் படித்துவிட்டு, "நாமும் ஒருநாள் போக முடியுமாப்பா?" என்று கேட்டாள். கடையில் மூன்று மோட்டார்கள் பிரித்தது பிரித்தபடி கிடந்தன. "அதெல்லாம் கோடீஸ்வரர்களின் பொழுதுபோக்கு. நமக்குப் பிழைப்பைப் பார்க்கவே நேரம் இல்லை" என்று சொல்லிவிட்டேன். மறுநாள், தொலைநோக்கி வாங்க உண்டியலில் சேர்த்த பணத்தை அவள் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டாள். அது மனதை உறுத்துகிறது. ஆனால் நான் சொன்னது தவறு என்றும் தோன்றவில்லை. கண்மாய் வறண்டு கிடக்கும் ஊரில் வானத்தைப் பார்த்து என்ன ஆகப்போகிறது? ஆதிகாலத்திலிருந்து மனிதனுக்கு இந்த வான்பித்து எதற்கு?

இப்படிக்கு,
ஒரு வாசகர், வாடிப்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். உண்டியல் பணத்தை அவள் கொடுத்துவிட்ட வரியில் மூன்று முறையும் நின்றுவிட்டேன். முதலில் அந்தப் பணத்தை அவள் கையில் திரும்பக் கொடுத்துவிடுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. 2001-ல் டென்னிஸ் டிட்டோ என்ற அமெரிக்கச் செல்வந்தர் ஏறத்தாழ 2 கோடி டாலர் கொடுத்து, ரஷ்யாவின் சோயுஸ் கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் வந்தார். சொந்தப் பணத்தில் அங்கே போன முதல் ஆள் அவர்தான். 2021 முதல் தனியார் ராக்கெட்டுகள் பயணிகளை ஏற்றுகின்றன. ஆந்திராவில் பிறந்த கோபிசந்த் தோட்டகுரா 2024 மே மாதம் அப்படி ஒரு ராக்கெட்டில் போனார். சுமார் 100 கிலோமீட்டர் உயரம், சில நிமிட மிதப்பு, பத்து நிமிடத்தில் தரை. அந்த 100 கிலோமீட்டர் என்பது மதுரையிலிருந்து கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் போகும் தூரம்கூட இல்லை. போய் வந்தவர்களின் மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அந்தப் பயணத்தில் எனக்கு மனம் செல்லவில்லை. மேலே எதைத் தெரிந்துகொள்ளப் போனார்கள் என்று கேட்டால் சொல்வதற்கு அதிகம் இல்லை.

இதுவரை நான் உங்கள் பக்கம்தான். ஆனால் வானம் என்றாலே அந்த டிக்கெட்தான் என்று உங்கள் மகளிடம் சொல்லிவிட்டீர்கள். வானத்தை ஒரு பக்கமும் பிழைப்பை இன்னொரு பக்கமும் வைத்துவிட்டீர்கள். மழையை நம்பிக் கிடக்கும் மானாவாரி நிலத்துக்கு 'வானம் பார்த்த பூமி' என்று பெயர் வைத்த நாம் அப்படிப் பிரிக்கலாமா?

என் தாத்தாவுக்குச் சோழவந்தான் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. அவர் கடிகாரம் கட்டியதில்லை. மார்கழி இரவில் முறைத் தண்ணீர் திருப்பப் போக வேண்டுமானால், கயிற்றுக் கட்டிலில் படுத்தபடியே போர்வையை விலக்கி மேற்கே பார்ப்பார். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் தென்னை மட்டைகளுக்குள் இறங்கியிருந்தால் எழுந்து மண்வெட்டியை எடுப்பார். மார்கழி நடுவில் அந்தக் கூட்டம் அடைவது பின்னிரவு மூன்றரை மணியை ஒட்டி. தாத்தாவின் கணக்கு பிசகியதாக எனக்கு நினைவில்லை. இன்னொன்றும் நினைவிருக்கிறது. நேரம் தெரிந்த பிறகும் அவர் உடனே கிளம்ப மாட்டார். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையை அண்ணாந்தபடி, ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் நேரம் அப்படியே நிற்பார். எதற்கு நிற்கிறீர்கள் என்று ஒரு முறை கேட்டேன். "சும்மாதான்டா" என்றார். வான்பித்து எதற்கு என்ற உங்கள் கேள்விக்கு, மண்வெட்டி எடுக்க வைத்த வானமும் அந்தச் 'சும்மா'வும் சேர்ந்ததுதான் என் பதில்.

இது என் தாத்தாவோடு தொடங்கியதும் இல்லை. பரிபாடலின் 11-ஆம் பாடல் வைகையைப் பற்றியது, பாடியவர் நல்லந்துவனார். வெள்ளத்தைப் பாட வந்தவர் எடுத்த எடுப்பில் தண்ணீரைப் பேசவில்லை. வெள்ளி இடபத்தில், செவ்வாய் மேடத்தில், புதன் மிதுனத்தில் என்று கோள்கள் நின்ற வீடுகளைச் சொல்லிக்கொண்டு போகிறார். அதன் பிறகுதான் சைய மலையில், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையில், மழை பொழிகிறது. அதன் பிறகுதான் வைகையில் புனல் வருகிறது. இந்தக் குறிப்புகளைக் கொண்டு பாடலின் காலத்தைக் கணித்தவர்கள் ஆளுக்கொரு ஆண்டைச் சொல்கிறார்கள். எனக்கு அந்த ஆண்டைவிட அவர் அடுக்கிய வரிசை பெரிது: மேலே கோள், நடுவே மலை, கீழே ஆறு.

மதுரையில் அடுத்த முறை சரக்கு வாங்க வரும்போது தெருப் பலகைகளைப் பாருங்கள். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. முழுநிலவு எந்த நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறதோ அதைக் கொண்டே மாதங்களுக்குப் பெயர் அமைந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் சித்திரைப் பௌர்ணமியில் நிலவுக்குப் பக்கத்தில் வெண்ணிறமாகத் தெரிவது சித்திரை நட்சத்திரம். நம்மை வந்து சேரும் அதன் ஒளி அங்கிருந்து கிளம்பிச் சுமார் 250 ஆண்டுகள் ஆகின்றன. ஆற்றுக்குள் அத்தனை லட்சம் பேர் நிற்கிறோம். அண்ணாந்து அதைத் தேடுகிறவர்கள் குறைந்துபோனது எனக்கு உண்மையான வருத்தம்.

கண்மாய் வறண்டதைச் சொன்னீர்கள். 1876 முதல் 1878 வரை மழை பொய்த்து, தாது வருடப் பஞ்சம் வந்து, சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். மதுரையில் தன் சொத்தை விற்றுக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாளைப் பற்றி இன்றும் பேசுகிறோம். அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு ஒரு கேள்வி வலுத்தது: சூரியனில் கரும்புள்ளிகள் பதினோரு ஆண்டுக்கு ஒரு முறை கூடிக் குறைவதற்கும் பருவமழை பொய்ப்பதற்கும் தொடர்பு உண்டா? கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பிறந்ததற்கு அந்தக் கேள்வி ஒரு பெரிய காரணம். 1899-ல் நிறுவப்பட்டது, 1901-ல் நோக்கும் பணி தொடங்கியது. கரும்புள்ளியை எண்ணி மழையைச் சொல்லும் வித்தை கைகூடவில்லை. ஆனால் நூறாண்டுக்கும் மேலாக அங்கே எடுத்துச் சேர்த்த சூரியப் படங்களை இன்று உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். கஞ்சித் தொட்டியின் முன்னால் நின்ற வரிசைதான் அந்த மலை உச்சிக்கு வழி போட்டது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அங்கே ஒரு முறை போயிருக்கிறேன். அருங்காட்சியகத்தில், கண்ணாடிகளால் உள்ளே திருப்பிவிட்ட சூரியன் வெள்ளைத் திரையில் வட்டமாக விழுந்திருந்தது. விளிம்பு லேசாக நடுங்கிக்கொண்டே இருந்தது. நடுவுக்குச் சற்று இடப்புறம் பென்சில் முனையால் தொட்டதுபோல இரண்டு புள்ளிகள். திரையில் தூசி என்று நினைத்து ஊதப்போனேன். ஆய்வாளர்களின் சுரங்கத் தொலைநோக்கியில் சூரியன் 34 சென்டிமீட்டர் அகலத்துக்கு விழும். அந்த அளவில் நம் பூமி 3 மில்லிமீட்டர்; ஒரு கொத்தமல்லி விதை. வாடிப்பட்டி, வைகை, அழகர்மலை எல்லாம் அதற்குள் அடக்கம்.

விண்வெளி எங்கே பிழைப்பைத் தொடுகிறது என்பதற்கு இன்னும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியில் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அன்று நம் தலைக்கு மேல் இந்தியாவின் செயற்கைக்கோள் ஒன்றுகூட இல்லை. இன்று வங்கக் கடலில் புயல் சுழலத் தொடங்குவதை இன்சாட் செயற்கைக்கோள் படத்தில் சில நாட்களுக்கு முன்பே பார்த்துவிட்டு, படகுகளைக் கரையேற்றச் சொல்கிறார்கள்.

சரி, உங்கள் மகள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். முடியும். 1984-ல் போன ராகேஷ் சர்மாவும், 2025-ல் விண்வெளி நிலையத்தில் தங்கி வந்த சுபான்ஷு சுக்லாவும் விமானப்படை விமானிகள்; கையிலிருந்து காசு கொடுத்துப் போனவர்கள் இல்லை. சுக்லா அங்கே வெந்தயத்தையும் பச்சைப்பயறையும் முளைக்கவைத்துப் பார்த்தார். அந்தப் பயணத்துக்குத்தான் என் மனம் சென்றது. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். ரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளராக இருந்தவரின் மகன். பாலிடெக்னிக் டிப்ளமோவில் தொடங்கியவர். இதை அவளிடம் நீங்களே சொல்ல வேண்டும். நான் சொல்வதைவிட அப்பா சொன்னால் நிற்கும்.

உண்டியல் பணத்தில் முதலில் நல்ல பைனாகுலர் ஒன்று வாங்குங்கள். நிலவின் பள்ளங்கள் தெரியும். வெறுங்கண்ணுக்கு ஆறேழாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டத்தில் டசன் கணக்கில் நட்சத்திரங்கள் தெரியும். எந்தக் காரணத்துக்காகவும் அதைச் சூரியன் பக்கம் திருப்பக்கூடாது, கண் போய்விடும். மொட்டை மாடியில் நின்றால் அந்த விண்வெளி நிலையத்தையே காசில்லாமல் பார்க்கலாம். அது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது. மதுரை–சென்னை தூரத்தைவிடக் குறைவு. அந்தி இருட்டிய பிறகோ விடிவதற்கு முன்போ, சிமிட்டாமல் சீராக நகரும் வெள்ளொளியாகக் கடந்து போகும். எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை நாசா வெளியிடுகிறது.

பிறகு ஒரு விடுமுறையில் அவளைக் கொடைக்கானல் அழைத்துப் போங்கள். போவதற்கு முன் உங்கள் கடையில் ஒரு வேலை இருக்கிறது. சூரியனின் கரும்புள்ளி என்பது காந்தப்புலம் மிக வலுவாகக் குவிந்திருக்கும் இடம். அடியிலிருந்து ஏறிவரும் வெப்பத்தை அந்தக் காந்தம் மறித்துவிடுவதால் அந்த இடம் சுற்றுப்புறத்தைவிட ஆறி, கறுத்துத் தெரிகிறது. அங்கே காந்தம் இருப்பதை 1908-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஹேல் கண்டுபிடித்தார். மறு ஆண்டே, புள்ளியின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் நம் கொடைக்கானலில் இருந்து கண்டுபிடித்தார். காயிலில் மின்சாரம் ஓடினால் காந்தம் பிறக்கும் என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கட்டி முடித்த காயில் ஒன்றின் நடுவில் திசைகாட்டியை வையுங்கள். பேட்டரியில் இணைப்புக் கொடுங்கள். வீட்டுக் கரண்ட் திசை மாறிமாறி ஓடுவது; அதில் கொடுத்தால் ஊசி ஒரு பக்கமாகத் திரும்பாது. ஊசி திரும்பும்போது சுவிட்சின் மேல் இருக்கும் விரல் அவளுடையதாக இருக்கட்டும். பிறகு கொடைக்கானலில் அந்த வெள்ளைத் திரை முன் நிற்கும்போது, புள்ளியைக் காட்டி, அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளிடம் கேளுங்கள்.

அன்புடன்.