ஒரு சேர்ஜன் தோட்டப்புறத்துக்கு விட்டுப்போகக்கூடியது என்ன? குப்பி லாம்பை வைத்து ஒரு பதில்

கேள்வி இதுதான்: "எங்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கு வரும் சத்திரசிகிச்சை நிபுணர்கள் நன்றாக வைத்தியம் பார்க்கிறார்கள், பிறகு இடமாற்றத்தில் போய்விடுகிறார்கள். அவர்கள் போன பிறகும் மலையகத்தில் நிற்கும்படி ஒரு சேர்ஜனால் என்ன செய்ய முடியும்? இலங்கையில் உதாரணம் உண்டா?"

உண்டு. டொக்டர் விஜய கொடகும்புர. மண்ணெண்ணெய் விளக்கு கவிழ்ந்து எரிந்துபோய் வந்தவர்களுக்குச் சிகிச்சை செய்த சத்திரசிகிச்சை நிபுணர். 1990களின் தொடக்கத்தில் அந்த விளக்கையே வேறு மாதிரிச் செய்தார். அதன் பெயர் 'சுதீப'. 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. விருதைவிடப் பெரிய விடயம், லட்சக்கணக்கான விளக்குகள் குறைந்த விலையில் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்ததுதான்.

குப்பி லாம்பு ஏன் ஆளை எரிக்கிறது என்று பார்த்தால் அவர் செய்ததன் அருமை விளங்கும். வெறும் சாராயப் போத்தலோ மருந்துப் போத்தலோ எடுத்து, மூடியில் ஓட்டை போட்டு, தகரக் குழாயில் திரி சொருகுவார்கள். போத்தல் உயரம், அடி ஒடுக்கம், எடையும் இல்லை. பிள்ளையின் கை பட்டாலே சாயும். சாய்ந்ததும் மூடி கழன்று எண்ணெய் கொட்டும். உருண்டை என்பதால் நிற்காமல் உருண்டு, போகிற வழியெல்லாம் ஊற்றிக்கொண்டே போகும். மண்ணெண்ணெய் சீமெந்துத் தரையில் அவ்வளவு சீக்கிரம் பற்றாது. பாயிலோ சேலையிலோ ஊறிவிட்டால் அந்தத் துணி முழுவதும் ஒரு திரி. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராவில் படுக்கையும் அடுப்பும் விளக்கும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது ஓடி ஒதுங்க இடமேது?

சுதீப விளக்கு குட்டையானது, கனமானது. மாமைட் போத்தலின் உருவத்தை நினைத்துக்கொள்ளுங்கள், அதிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. இரண்டு பக்கம் தட்டை, அதனால் விழுந்தாலும் உருளாது. கண்ணாடி தடிப்பு, லேசில் உடையாது. உலோக மூடி புரி போட்டுத் திருகுவது, அதனால் எண்ணெய் கொட்டாது. அவ்வளவுதான். இதில் புதிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் விபத்து தொடங்குகிறது என்று பார்த்து, அந்த இடத்தை மட்டும் அடைத்திருக்கிறார்.

"இப்போதுதான் எல்லா லயத்துக்கும் கரண்ட் இருக்கிறதே" என்பீர்கள். மழைக்காலத்தில் மரம் முறிந்து கம்பியில் விழுந்தால் எத்தனை மணிநேரம் இருட்டு என்று தோட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணிநேரம் வரை போனது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து 340 ஆனது. என்னைக் கேட்டால் சார்ஜ் பண்ணும் எல்.ஈ.டி. விளக்கு எந்த எண்ணெய் விளக்கையும்விட நல்லது. எண்ணெய் விளக்குத்தான் என்றால் குட்டைப் போத்தல், திருகும் உலோக மூடி, இறுக்கமான திரிக்குழாய் இருக்கட்டும். எரியும்போது எண்ணெய் ஊற்றவே கூடாது. பெற்றோல் ஒரு சொட்டும் கலக்கக் கூடாது, அதன் ஆவி வெடிக்கும். மண்ணெண்ணெயைத் தண்ணீர்ப் போத்தலில் வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க வேண்டாம், எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். நேராக ஆஸ்பத்திரிதான்.

எரிந்தவருக்குச் செய்ய வேண்டியது: ஓடவிடாமல் தரையில் கிடத்தி உருட்டுங்கள், அல்லது கம்பளியால் மூடி அணையுங்கள். எண்ணெய் ஊறிய உடுப்பைக் கழற்றுங்கள். தோலில் உருகி ஒட்டிய நைலோனை மட்டும் பிய்க்காதீர்கள். வளையல், மோதிரம், அரைஞாண் எல்லாம் உடனே கழற்ற வேண்டும், வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வரும். பிறகு பீலித் தண்ணீரில் 20 நிமிடம். மூன்று மணிநேரம் கடந்திராவிட்டால் இதற்குப் பலன் உண்டு. நுவரெலியாக் குளிரில் எரிந்த இடத்தில் மட்டும் தண்ணீர் படட்டும், மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் சீக்கிரம் விறைத்துப்போவார்கள். பற்பசை, முட்டை வெள்ளை, மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். பூசியதைச் சுரண்டி எடுத்தால்தான் காயத்தின் ஆழம் டொக்டருக்குத் தெரியும், சுரண்டுவது நோயாளிக்கு இன்னொரு வேதனை. சுத்தமான பருத்தித் துணியால் மூடி, அம்புலன்சுக்கு 1990 அடியுங்கள்.

ஒன்றை மறக்காமல் எழுதிக் கொடுங்கள்: எரிந்த நேரம். நோயாளியின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்தால் உடம்பில் ஏறக்குறைய 1 சதவீதம், அதை வைத்து எரிந்த பரப்பைக் கணிப்பார்கள். பெரியவர்களுக்கு 15, பிள்ளைகளுக்கு 10 சதவீதத்தைத் தாண்டினால் சேலைன் கட்டாயம். பெரியவர்களுக்கு முதல் 24 மணிநேரத்துக்கு வழக்கமான கணக்கு, கிலோவுக்கு 4 மில்லிலீட்டர் பெருக்கல் எரிந்த சதவீதம். 50 கிலோ ஆள், 20 சதவீதம் என்றால் 4,000 மில்லிலீட்டர். அதில் பாதி முதல் 8 மணிநேரத்துக்குள் ஏற வேண்டும், அந்த 8 மணி எரிந்த நொடியிலிருந்து எண்ணப்படுவது. இரவு 8 மணிக்கு எரிந்தவர் தோட்ட லொறியில் 11 மணிக்கு வந்து சேர்ந்தால் மிச்சம் ஐந்து மணிநேரம்தான், மணிக்கு 400 வீதம் ஏற்ற வேண்டும். வந்த நேரத்தை எரிந்த நேரமாக எழுதிவிட்டால் 250தான் ஏறும், சிறுநீர் குறையும், சிறுநீரகம் பாதிக்கும். நுவரெலியாவிலிருந்து கண்டி தேசிய வைத்தியசாலைக்கு சுமார் 77 கிலோமீட்டர், அதுவும் வளைவு வளைவாக. அனுப்பும் முன்பே சேலைன் தொடங்கியிருக்க வேண்டும்.

தோல் ஒட்டுவது சேர்ஜனின் வேலை. பெரும்பாலும் தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து வைப்பார்கள். முதல் ஐந்து நாள் அசையாமல் இருந்தால் பிடித்துக்கொள்ளும். கெட்டுப்போவது அதற்குப் பிறகுதான், அதுவும் அன்பினால். கழுத்து எரிந்தவருக்கு அம்மாவோ மனைவியோ வசதியாக இருக்கட்டும் என்று தலையணை வைப்பார்கள், நாடி நெஞ்சோடு இழுத்துக்கொள்ளும். தலையணையை எடுத்து, தோளுக்கடியில் துணிச்சுருள் வைத்துக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும். அக்குள் எரிந்தால் கையை உடம்போடு ஒட்டவிடாமல் விரித்து வைக்க வேண்டும். கை விரல் எரிந்தால் மடக்கிக் கட்டாமல் பலகை கட்டி நீட்டி வைக்க வேண்டும். கொழுந்து கிள்ள பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் சந்திக்க வேண்டும். காயம் ஆறியும் அது முடியாதவருக்கு மலையில் வேலை இல்லை.

ஆகவே உங்கள் வைத்தியசாலை சேர்ஜனிடம் கேட்க வேண்டியது பெரிய கட்டடமோ நினைவுக்கல்லோ அல்ல. தோட்ட டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்ட ஒரு தமிழ்த் தாள்: எரிந்த நேரம், உள்ளங்கைக் கணக்கு, சேலைன் அளவு, எப்போது கண்டிக்கு அனுப்புவது. தோட்ட வைத்தியருக்கும் மருத்துவிச்சிக்கும் ஒரு பின்னேரம் பழக்கிக் கொடுத்தால் போதும், அடுத்த நிபுணர் வரும்வரை அது ஓடும். (பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தை நினைத்துத்தான் பல நிபுணர்கள் குடும்பத்தோடு கீழே இறங்குகிறார்கள். நல்ல குவாட்டர்ஸும் பள்ளிக்கூடத்தில் இடமும் கிடைத்தால் இன்னும் சில வருடம் தங்குவார்கள். அது ஊர் பேச வேண்டிய பேச்சு.)

இன்னொன்று கிளினிக் நாள். மருந்து கட்ட ஒரு நாள், உடற்பயிற்சிக்கு ஒரு நாள், டொக்டரைக் காட்ட ஒரு நாள் என்றால் கிழமைக்கு மூன்று நாள் வேலை போய்விடும். சம்பளம் போகும் என்று முதலில் விடுவது உடற்பயிற்சியைத்தான், விரல் இழுத்துக்கொள்வதும் அதனால்தான். மூன்றையும் ஒரே நாளில், ஒரே காலையில் வைக்க சேர்ஜன் வார்ட்டில் ஒரு வார்த்தை சொன்னாலே நடக்கும்.