போர்க்காலத்தில் உழவர் வீட்டுச் சிறுவனுக்கும் குதிரைக்கும் அத்தனை பிணைப்பு ஏன்?

முதல் உலகப் போரில் பண்ணைக் குதிரையைப் படைக்குக் கொடுத்த சிறுவர்கள் ஏன் அவ்வளவு கலங்கினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். வேலூர்ப் பக்கம் எருதுவிடும் விழாவுக்குக் காளை வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தீனி வைத்து, உடம்பு தேய்த்துவிட்டு, ஏரில் பூட்டி நாள்தோறும் உடனிருப்பவனின் குரலையும் முகத்தையும் குதிரை அடையாளம் கண்டு நெடுங்காலம் நினைவில் வைத்திருக்கும். ஆகவே மிரண்டபோதும் அவனருகில் அது அடங்கி நிற்கும். 1914 ஆகஸ்டில் பிரிட்டன் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட குதிரைகளைக் கையகப்படுத்தியபோது உரிமையாளர்களுக்கு விலை கொடுத்தது. குதிரையை வளர்த்த சிறுவன் அடைந்த இழப்பை அந்தப் பணம் ஈடுசெய்யவில்லை. திரும்பி வரும் என்ற நம்பிக்கையும் பெரும்பாலும் பொய்த்தது. ஆஸ்திரேலியா கடல்கடந்து அனுப்பிய 1,30,000க்கும் மேற்பட்ட குதிரைகளுள் தாயகம் மீண்டது சாண்டி என்ற ஒன்றே. பிழைத்திருந்தவற்றுள் பல, நோய்த்தடை விதிகளையும் கப்பல் செலவையும் காரணம் காட்டி அங்கேயே விற்கப்பட்டன அல்லது கொல்லப்பட்டன என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.